சாயம் போகும் என்று சொல்லி விற்ற துணி



தோட்டத்தை விட்டு போர்ட் கிள்ளான், கிள்ளான் பக்கம் குடிவந்த நம் குடும்பங்களில், தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைக்கும் பெண்கள் பலர் உண்டு. ரவிக்கை தைக்கிறார்கள், சேலைக்குப் பூவேலை செய்கிறார்கள், சிலர் பாத்தேக்கும் வரைகிறார்கள். வேலையில் குறையில்லை. ஆனால், "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே!" என்று யாராவது கேட்டுவிட்டால் வாயடைத்துப் போகிறார்கள். மூன்று நாள் உழைப்பு பாதி விலைக்குப் போய்விடுகிறது.

கைவேலைத் துணிக்கு அழகு மட்டும் போதாது. அதைப் பற்றிச் சொல்ல ஒரு நாணயமான சொல்லும் வேண்டும்.

மலாய்க்காரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை. சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான்! அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பலேறி வந்த துணி, தான் பிறந்த ஊரின் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. இன்றும் அந்தப் பெயரே நிற்கிறது.

இன்னொரு கதையைக் கேளுங்கள். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, அவரிடம் கெஜம் ஒரு டாலர் விலையில் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' கைத்தறித் துணி வாங்கினார். "சாயம் இறங்கும், பச்சைத் தண்ணீரில் பதமாக அலச வேண்டும்" என்று நாயர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அமெரிக்காவில் துணி வாங்கியவர்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. சட்டையைத் துவைத்ததும் சாயம் ஓடியது. ஒரே கூச்சல்! வழக்கு வரைக்கும் பேச்சு போயிற்று.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? குறையை மறைக்கவில்லை. "இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்!" என்றே விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒருவர் சட்டை போல இன்னொருவர் சட்டை இராது என்பதே அதன் பெருமையாயிற்று. 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதே துணி, அதே சாயம். மாறியது சொல் மட்டும்தான். வாங்குமுன் சொன்னால் குணம். வாங்கியபின் தெரிந்தால் மோசடி!

1935-இல் தொடங்கிய தமிழக நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸும் இந்த வழியில்தான் போயிற்று. அண்மை ஆண்டுகளில் அது காஞ்சி காட்டன் சேலைகளோடு ஓர் அட்டை வைத்து விற்றது. நெய்தவர் படம், பெயர், நெய்ய எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் அதில் இருந்தன. முகம் தெரிந்தபின் பேரம் பேச யாருக்கு மனம் வரும்?

சகோதரிகளே, நீங்களும் ஒரு சிறு அட்டை எழுதி வையுங்கள். "நான் கையால் செய்த பூவேலை. மூன்று நாள் ஆயிற்று. ஒரு பூ மற்றொன்றைப் போல இராது. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்." இவ்வளவு போதும். கலப்புப் பட்டைச் சுத்தப் பட்டு என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் ஒன்பது மெய்யும் விலைபோகாது.

அட்டையில் எழுதியதையே வாயாலும் சொல்லுங்கள். யார் வந்து கேட்டாலும் அதே சொல். நாளடைவில் அந்தச் சொல்லே உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகையாகிவிடும்.