அறுந்த நரம்பு ஒட்டுகிறது!

மரத்தில் இருந்து தவறி விழுகிறான் மனிதன். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம் அறுந்து போகிறது. பிறகு அவன் கால்கள் அசைவதில்லை.

வரிக்குதிரை மீனுக்கு இந்தக் கதி இல்லை!

கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் மீன் அது. விரல் நீளம்கூட இராது. உடம்பில் நீலக் கோடுகள். அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். அதன் நரம்பு வடத்தை வெட்டினாலும், 6 முதல் 8 வாரங்களில் மறுபடி நீந்துகிறது!

எப்படி?

மனிதனுக்குக் காயம் பட்ட இடத்தில் தழும்பு விழுகிறது. நரம்பு வளர முடிவதில்லை. மீனுக்கோ, நரம்புக்குத் துணையாக உள்ள உயிரணுக்கள் இரு முனைகளுக்கும் நடுவே பாலம் கட்டுகின்றன. அந்த வழியாக நரம்பு இழைகள் அக்கரை சேருகின்றன. பாலம் கட்ட உதவும் மரபணு ஒன்றை 2016-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதைப் போன்ற மரபணு மனிதனிடமும் இருக்கிறது!

மூளையும் அப்படித்தான். வயது வந்த மீனின் மூளையிலும் பல இடங்களில் புதிய நரம்பணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

மீன் குழம்பு சாப்பிட்டால் இந்தச் சக்தி வந்துவிடாது! அப்படிச் சொல்லி யாராவது லேகியம் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். மனிதனுக்கு மருந்து இன்னும் வரவில்லை. அது வரும் வரை, சின்ன மீன்தானே என்று பாராமல், அரசாங்கங்கள் இந்த ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.