மருந்து அடிக்கவில்லை, சரி. குருவி வந்ததா?

புரட்டாசி பிறக்கும்போது பழனி மலை ஓடைகளில் கருஞ்சாம்பல் வாலாட்டி வந்து நிற்கும். மஞ்சள் வயிறு, நீண்ட வால். பாறைக்குப் பாறை தாவி, அந்த வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இமயமலையிலும் அதற்கு வடக்கே உள்ள குளிர் நாடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பின்னாலேயே பச்சைக் கதிர்குருவி. எட்டு கிராம் தேறினால் அதிகம். மரத்து இலைக்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படுவதற்கு முன் காதில்தான் விழும். பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், பிளித் நாணல் கதிர்குருவி என்று வரிசை நீளும். ஐப்பசி அடைமழைக்குள் கொடிக்கால் வாலாட்டியும் ஆறுமணிக்குருவியும் வந்து சேர்ந்துவிடும்.

இவற்றை ‘விருந்தாளிப் பறவைகள்’ என்று எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பச்சைக் கதிர்குருவி செப்டம்பரில் வந்தால் ஏப்ரல் வரைக்கும் இங்கேதான் இருக்கிறது. வடக்கே கூடு கட்டப் போவது சில மாதங்களுக்குத்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் ஒரு வீட்டில் இருப்பவரை யாராவது விருந்தாளி என்பார்களா? குடித்தனக்காரர் என்றுதானே சொல்வோம்.

கொடைக்கானலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் தேடுவது வேறு பறவைகளை. பழனி மலைச் சிரிப்பான், சோலைக்கிளி என்று பெயர் வைத்திருக்கிற வெள்ளை வயிற்றுச் சிறு பறவை, நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. 1860களில் இந்த மலையில் பறவை சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் பெயரைத்தான் அந்தச் சிரிப்பானின் அறிவியல் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. அவை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சோலைக் காட்டிலும் மலை உச்சிப் புல்வெளியிலும் வாழ்பவை. 2013ல் 608 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். அவற்றைக் காப்பது வனத்துறையின் வேலை. வலசை வரும் குருவிகளுக்கு அப்படி எல்லைக்கல் கிடையாது. அவை இறங்குவது தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் நம் பட்டா நிலத்துக் காபிக் காட்டில். அதனால் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

கொடிக்கால் வாலாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது பாருங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். கிழக்குச் சீனா, கொரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, நிழல் மூடிய தோட்டத்துத் தரையைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறது. காபிச் செடிக்கு அடியில் சருகு மேல் நடந்து நடந்து பூச்சி பொறுக்கும். சருகு இல்லாத தரையில் அதற்கு வேலை இல்லை. நிழல் மரம் இல்லாவிட்டால் சருகு ஏது?

இங்கேதான் எனக்கு நம் இயக்கத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு நம்மிடம் கேட்கிற கேள்விகள் எல்லாம் எதைப் போடவில்லை என்பதைப் பற்றியவை. உரம் போடவில்லை, பூச்சிக்கொல்லி அடிக்கவில்லை, களைக்கொல்லி தொடவில்லை. ரசீதைக் காட்டு, பதிவேட்டைக் காட்டு. பலாவும் முள்முருங்கையும் அத்தியும் ஆரஞ்சும் நின்ற காட்டை வெட்டிவிட்டு, வரிசையாகச் சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகு ஏற்றியவருக்கும் அதே சான்றிதழ்தான். முப்பது வகை மரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கும் அதேதான். நான் வங்கியில் இருந்தபோது மாட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் மாடு இருக்கும், காப்பீடு இருக்கும், காது வில்லை எண் இருக்கும். தொழுவத்தில் போய்ப் பார்த்தால்தான் மாடு இருக்கிறதா என்று தெரியும். நம் சான்றிதழிலும் அந்தத் தொழுவத்துப் பார்வை குறைகிறது.

வலசைப் பறவை அந்தப் பார்வையைச் செய்கிறது. அதற்கு ரசீது தேவையில்லை. இலையில் புழு இருந்தால் தங்கும், இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். 1990களில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் முண்டந்துறையில் இந்தக் கதிர்குருவிகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பச்சைக் கதிர்குருவி ஒவ்வொன்றும் தனக்கென்று கொஞ்சம் மரங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே இரை தேடுகிறது. அவை உடம்பில் சேர்க்கும் கொழுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதையும் பதிவு செய்தார்கள். குருவியின் உடம்பு அந்தக் காட்டின் பூச்சிக் கணக்கோடு சேர்ந்தது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, நமக்கு அதனால் என்ன லாபம்? கேட்க வேண்டிய கேள்விதான். காபிக் காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1990ல், நீலகிரி கூடலூரில். இன்று அது எல்லாக் காபிக்காரர்களுக்கும் தெரிந்த எதிரி. கோஸ்டாரிகா நாட்டில் சில செடிகளுக்குப் பறவை நுழையாதபடி வலை கட்டி, மற்றதைத் திறந்து விட்டு ஒப்பிட்டார்கள். பறவை வந்துபோன செடிகளில் துளைப்பான் தாக்குதல் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. 2013ல் வெளிவந்த அந்த ஆய்வு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 75 முதல் 310 டாலர் வரை மிச்சம் என்று கணக்குப் போட்டது. பக்கத்தில் காடு இருந்த தோட்டங்களில் அந்தப் பறவைகள் அதிகம். ஜமைக்காவிலும் இதே மாதிரி வலை கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்தவற்றில் வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் சிறு குருவிகளும் உண்டு.

அந்த டாலர் கணக்கை அப்படியே தாண்டிக்குடிக்குக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது. அங்கே பறவை வேறு, மழை வேறு. ஆனால் தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் தோட்டங்களில் பத்து இடத்தில் வலை கட்டிப் பார்க்க எவ்வளவு செலவாகிவிடும்? இயக்கம் மனுக் கொடுத்துக் கேட்கலாம். அரபிகாவைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் விஷயமும் நிழலோடு சேர்ந்ததே. அந்த வண்டு பறப்பது ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு தடவை. நல்ல வெயில் விழும் தோட்டம்தான் அதற்குப் பிடிக்கும். குருவி அதைத் தின்று தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குருவிக்கு வேண்டிய நிழலும் தண்டுத்துளைப்பானுக்கு ஆகாத நிழலும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

இதையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், உங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது, நீங்க குருவி பாப்பீங்க. காட்டுமாடு மிதிச்ச வாழைக்கே எனக்குக் கணக்கு தீரல. அந்தச் சில்வர் ஓக்தான் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது” என்றார். இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறவர்களை எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சில்வர் ஓக் நேராக வளரும், மிளகு ஏற வசதி, அவசரத்துக்கு விலை போகும். அதை முழுக்க வேண்டாம் என்று பென்சன்காரன் சொல்வது அழகில்லை. வேலியோரம் நிற்கட்டும். உள்ளே இருக்கிற பலாவையும் முருங்கையையும் வெட்டாமல் விட்டால் மிளகு அதிலும் ஏறும். நம் பெரியவர்கள் அப்படித்தானே ஏற்றினார்கள்? ஓடைக்கு இரண்டு பக்கமும் பத்தடி களை வெட்டாமல் விடுவதற்குக் கைக்காசு செலவில்லை, கூலிதான் மிச்சம்.

விலை விஷயத்தில் இயக்கம்தான் இறங்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வலசைப் பறவை மையம் 1990களின் கடைசியில் ‘பறவை நேசக் காபி’ என்று ஒரு சான்றிதழ் தொடங்கியது. அதற்குள் நுழையவே முதலில் இயற்கைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மேல் 40 சதவீத நிழல், பல வகை மரங்கள், பல உயரத்தில் கிளைகள் என்று நிபந்தனை. நமக்கு அமெரிக்க முத்திரை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இயற்கை என்ற சொல்லுக்குள் மரமும் பறவையும் அடக்கம் என்று அவர்கள் எழுதி வைத்ததை நாமும் எழுதலாம். நம் அங்காடிகளில் பல மர நிழலில் விளைந்த காபிக்கும் மிளகுக்கும் மலை வாழைக்கும் தனி விலைப் பலகை வைக்கலாம்.

மேல்மலை நிலைமை இன்னும் சிக்கல். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் உருளை, காரட், பூண்டு. தெளிப்பான் சத்தம் கேட்காத வாரம் குறைவு. வாலாட்டியும் நெட்டைக்காலியும் அந்தப் பாத்திகளில்தான் நடந்து பொறுக்குகின்றன. பழனி மலையின் உச்சிப் புல்வெளி, சுமார் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்புகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் விவசாயம் என்று அதில் எழுதியிருக்கிறது. தோப்புகளைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்துகிற நாம், அந்த இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம்.

இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2023ல் வந்தது. 942 வகைகளை எடுத்துப் பார்த்தார்கள். நீண்ட காலப் போக்கு தெரிந்தவை 338. அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. ஊரிலேயே இருப்பவற்றைவிட வலசை வருபவற்றின் நிலை மோசம். இந்த அறிக்கைக்குக் கணக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பறவை ஆர்வலர்கள். விடிகாலையில் இருந்து பொழுது சாயும் வரைக்கும் தோட்டத்திலேயே இருக்கிற நம்மைப் போன்றவர்கள் அதில் மிகக் குறைவாக இருப்போம் என்று நினைக்கிறேன்.

என் யோசனை இது. பங்கேற்பு உத்தரவாத முறையில் நாமே ஒருவர் தோட்டத்தை ஒருவர் போய்ப் பார்க்கிறோம். அந்தப் பார்வையில் ஒன்றை அக்டோபரில் வைத்துக்கொள்வோம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். 2024ல் அதன் பேசுபொருளே பூச்சிகள்தான். படிவத்தில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். நிழல் மரம் எத்தனை வகை, ஓடையோரம் வெட்டாமல் விட்டது எத்தனை அடி, பட்ட மரம் ஒன்றாவது நிற்கிறதா, கால் மணி நேரத்தில் எத்தனை வகைப் பறவை பார்த்தோம், அதில் வலசை வந்தவை எவை. தேர்வு மாதிரி மதிப்பெண் போட வேண்டாம். மூன்று வருஷம் தொடர்ந்து எழுதினால் எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று குழுவுக்கே தெரிந்துவிடும்.

தனியாகச் செய்ய நினைப்பவர்களுக்குக் கால் மணி நேரமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே பாதை. பெயர் தெரியாத பறவையை, ‘சின்னது, பச்சை, இறக்கையில் ஒரு கோடு’ என்று எழுதினாலும் பழுதில்லை. பெயர் பிறகு கிடைத்துவிடும். இ-பேர்டு செயலியில் ஏற்றினால் நம் கணக்கு நாட்டுக் கணக்கோடு சேரும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். முக்கியமான இரண்டு தேதிகளை மட்டும் விடாதீர்கள்: வாலாட்டியை முதலில் பார்த்த நாள், சித்திரையில் கதிர்குருவியின் குரலைக் கடைசியாகக் கேட்ட நாள்.

குழுப் பார்வைக்கு வருகிறவர்களைக் காலை ஏழு மணிக்கு முன்பே வரச் சொல்லுங்கள். ஐப்பசியில் எட்டு மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் குருவி என்ன, மரமே கண்ணுக்குத் தெரியாது.