உழவர் திருநாளில் வந்த ஊசி

2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, சனிக்கிழமை. தைப்பொங்கலும் மாட்டுப்பொங்கலும் கழிந்து மறுநாள் உழவர் திருநாள். அன்றுதான் இந்தியா முழுவதும் கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கிற்று. முதலில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்கும், பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் போடுவதென்று ஏற்பாடு. ஓராண்டுத் துயரத்திற்குப் பின் சேலம், நாமக்கல் மாவட்டக் குடியானவர்களுக்கு வந்த பெரிய நல்ல செய்தி அது. ஆயினும் அந்நாளில் அதை வரவேற்றவர்களைவிட ஐயுற்றவர்களே மிகுதி. இது ஏன் நேர்ந்தது என்பதும், அந்த அனுபவத்திலிருந்து கால்நடை வளர்ப்போர் இன்று எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஆராயத் தக்கவை.

அந்த ஓராண்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று 2020 பிப்ரவரி, மார்ச்சில் கைப்பேசி வழியே பரவிய வதந்தி, நோய் இம்மாவட்டங்களுக்கு வந்து சேருமுன்பே நாமக்கல் பண்ணைகளைச் சாய்த்தது. முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே இறங்கிற்று. மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. தலைவாசல் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதே பெரும்பாடாயிற்று. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று தக்காளியைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் இடம் மாறின. போதாக்குறைக்கு, மரவள்ளியில் புதிய மாவுப்பூச்சி ஒன்றும் அதே 2020இல்தான் நாட்டுக்குள் நுழைந்தது. 2021 பிறந்ததும் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளில் பறவைக் காய்ச்சல் கண்டது. மனிதருக்கு ஊசி வருகிறது என்ற செய்தியும், முட்டை லாரிகள் என்னவாகுமோ என்ற கவலையும் நாமக்கல் பண்ணைக்காரருக்கு ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

இம்மாவட்டத்தாருக்குப் புதிதன்று

தடுப்பூசி என்பது நாமக்கல் வட்டாரத்திற்குப் புதிய சரக்கு அன்று. பட்டணத்தில் படித்தவர்கள் 2021இல்தான் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசத் தொடங்கினர். இங்கோ ஒவ்வொரு கோழிக்குஞ்சும் பொரித்த அன்றே மேரக்ஸ் நோய்க்கான ஊசியோடுதான் பொரிப்பகத்தைவிட்டு வெளியே வருகிறது. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. இரண்டாம் வாரத்தையொட்டிக் கம்போரோ நோய்க்கு. எட்டு வாரத்திற்கு மேல் மீண்டும் கழிச்சலுக்கு ஊசி. மருந்தைக் குளிர் குறையாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், வெயில் ஏறுமுன் போட வேண்டும், கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதெல்லாம் பண்ணையில் வேலை செய்யும் பெண்களுக்கே மனப்பாடம். ஊசி போட்ட மறுநாள் கோழி சற்றுச் சோர்ந்து, தீவனத்தைக் குறைத்துத் தின்னும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அதைக் கண்டு எவரும் பதறுவதில்லை.

கொரோனாவுக்கு முதலில் வந்த இரு மருந்துகளையும் இந்தக் கண்கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். கோவாக்சின், கிருமியைக் கொன்று அதன் உடலை மட்டும் செலுத்துவது. மாடுகளுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசியும் அவ்வகைதான். கோவிஷீல்டு, தீங்கு செய்யாத வேறொரு கிருமியின் முதுகில் கொரோனாவின் அடையாளத்தை ஏற்றி அனுப்புவது. இரண்டையும் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்தால் போதும். கால்நடை மருந்தகத்தில் உள்ள குளிர்ப்பெட்டியின் அளவே அது. இன்னொரு செய்தி: மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி தயாரிக்கும் ஐதராபாத்து இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம், 2021இல் கோவாக்சினுக்கான மூலப்பொருளைத் தயாரித்துக் கொடுக்கும் பணியிலும் ஈடுபட்டது. மாட்டு மருந்து செய்த கை மனிதருக்கும் உதவிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தடுப்பூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1796இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் அம்மைக்கு மாற்றுக் கண்டது, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்துதான்.

பிறகு ஏன் தயங்கினர்?

இவ்வளவும் அறிந்த ஊரில் ஊசிக்கு ஏன் தயக்கம் வந்தது? கோழிக்கு ஒருநாள் பிந்தினாலும் பொறுக்காத பண்ணைக்காரர், தமக்கென்று வரும்போது 'பார்க்கலாம்' என்றார். இதற்கு அறியாமை என்று பெயர் சூட்டிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று.

முதற்காரணம் கூலி. ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. கரும்பு வெட்டுக்கும் மஞ்சள் அறுவடைக்கும் செல்வோருக்கு அது இரண்டு நாள் வருமானம். பால் மாடு இரண்டு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கோ, காய்ச்சலென்று படுத்துவிட்டால் கறவைக்கு ஆள் கிடையாது. இந்தக் கணக்கைக் கேட்க அன்று எவரும் இல்லை.

இரண்டாவது, சொன்ன விதம். 'எந்தப் பின்விளைவும் இல்லை, அஞ்ச வேண்டாம்' என்று பலவிடங்களில் சொல்லப்பட்டது. போட்டுக்கொண்டவருக்கு அன்றிரவே காய்ச்சல் கண்டதும், சொன்னது பொய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 'காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் தணியும், மருந்து வேலை செய்வதற்கு அது அறிகுறி, வராவிட்டாலும் குற்றமில்லை' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதே காய்ச்சல் நம்பிக்கை தந்திருக்கும். கோவிஷீல்டால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கேடு உண்டென்பது பின்னர் உறுதியாயிற்று. அதையும் மறைக்க வேண்டியதில்லை. பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவானாலும் நன்மை தீமை இரண்டையும் கேட்டுத் துணிபவர்தாம் குடியானவர். ஒருபக்கம் மட்டும் சொல்பவரை அவர் நம்புவதில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

தயங்கியதன் விலை விரைவிலேயே தெரிந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை முதலாவதைவிடக் கொடியதாக வந்தது. பெரியாஸ்பத்திரியில் இடமில்லாமல், மே மாதத்தில் சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் அமைக்கும்படி ஆயிற்று. அதன்பின் ஊசி போடும் இடங்களில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. ஜனவரியில் மருந்து இருந்தது, ஆள் வரவில்லை. மே, ஜூனில் ஆள் வந்தார், மருந்து வரவில்லை. டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர் எத்தனையோ பேர்.

நிலைமையை மாற்றியவை மேடைப் பேச்சுகள் அல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் ஏர் ஓட்டினார். அதை ஊர் பார்த்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்து, ஏற்கெனவே பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அதே முகத்தோடு பேசினார். 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மாநிலமெங்கும் பெருமுகாம்கள் நடந்தன. கூலி போகும் என்ற தடை பெருமளவு நீங்கிற்று. அக்டோபர் 21இல் நாடு 100 கோடித் தவணைகளைக் கடந்தது. வேளாண் விரிவாக்கத்தில் செயல்விளக்கத் திடல் என்று ஒன்று உண்டு. புது ரகத்தை ஆயிரம் துண்டுப் பிரசுரத்தால் பரப்புவதைவிட, ஊர் நடுவே ஒருவர் வயலில் விளைத்துக் காட்டுவது மேல் என்பது அதன் அடிப்படை. தடுப்பூசிக்கும் அதுவே வழியாயிற்று.

தடுப்பூசி போட்டவருக்கு நோயே வராது என்பதில்லை. வந்தது. ஆனால் மூச்சுத் திணறி மடிவது வெகுவாகக் குறைந்தது. உலகெங்கும் முதல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி உயிர்களும், அவற்றுள் இந்தியாவில் சுமார் 42 லட்சம் உயிர்களும் தடுப்பூசியால் காக்கப்பட்டன என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2022இல் கணித்தனர். கணிப்பு கணிப்புதான், தலை எண்ணிப் பார்த்ததன்று. இதில் பாதியென்றே கொண்டாலும் அது சிறிய எண் அன்று.

வெக்கை போன கதை

நம்பிக்கைக்கு இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய குடியானவர் வெக்கை நோயை அறிவர். ஒரு பட்டியில் புகுந்தால் ஒரு வாரத்தில் பட்டியைக் காலி செய்துவிடும். உழவு மாடு போனால் அவ்வாண்டு வெள்ளாமையும் போயிற்று. ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்கும் மருந்து செய்தது. 1954இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் நாடு முழுவதும் தொடங்கிற்று. ஊசி போடுபவர் ஐஸ் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிப் பாதையில் நடந்தே ஊர் ஊராகச் சென்ற காலம் அது. அவர்களைக் கண்டதும் மாட்டைக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓட்டியவர்களும் இருந்தனர்.

நாட்டில் வெக்கையின் கடைசித் தாக்குதல் 1995இல், இதே தமிழகத்தில்தான். தொடங்கி நாற்பது ஆண்டு கழித்து! 2006இல் இந்தியா நோய்த்தொற்று அற்ற நாடாக அங்கீகாரம் பெற்றது. 2011இல் உலகைவிட்டே வெக்கை ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் மண்ணைவிட்டு விரட்டப்பட்ட நோய் இது ஒன்றே. இன்று எந்த மாட்டுக்கும் வெக்கைத் தடுப்பூசி போடுவதில்லை, தேவையும் இல்லை. நோய் போனது மருந்தால் மட்டும் அன்று. பத்தில் எட்டு மாட்டுக்குப் போட்டு மிச்சத்தை விட்டபோதெல்லாம், விட்ட இடத்தில் அது பதுங்கித் திரும்பி வந்தது. விடாமல் போட்ட பிறகே போயிற்று. மந்தையில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்பு இருந்தால் போடாத சிலவும் தப்பும் என்ற கருத்தே, நூறாண்டுக்கு முன் கால்நடை மருத்துவத்தில் பிறந்து பிறகு மனித மருத்துவத்துக்குச் சென்றதுதான்.

இப்போது கண்கூடாகத் தெரியும் குறை ஒன்றுண்டு. கோமாரிக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தடுப்பூசி இலவசமாகப் போடும் தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. முகாம் நடக்கும் நாளில் மாட்டைக் கொண்டுவராதவர் ஒவ்வோர் ஊரிலும் உளர். காரணம் கேட்டால், ஊசி போட்டால் பால் குறையும் என்பர். குறையும், உண்மைதான். ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். கோமாரி வந்த மாடோ அந்த ஈற்றில் பழைய அளவுக்கு வருவது அரிது. கன்று பால் குடித்தபடியே மடிவதும் உண்டு. 2013இல் காவிரிப் பாசன மாவட்டங்களில் கோமாரி புகுந்து எத்தனை தொழுவங்களை வெறுமையாக்கிற்று என்பதை மறக்கலாகாது. மூன்று லிட்டர் பாலுக்கு அஞ்சி மாட்டையே பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. முகாமுக்கு வருபவர்களும், 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லாமல், பால் இரண்டு நாள் குறையும் என்பதைச் சொல்லிவிட்டே ஊசி போடுவது நல்லது. முகாமைக் கறவை நேரத்தில் வைக்காமல், கறந்து முடிந்த பிறகு வைப்பதும் அதிகாரிகள் செய்யக்கூடியதே.

ஆடு வளர்ப்போருக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு வரை காக்கும்; குட்டி நான்கு மாதத்தை எட்டியதும் போடலாம். வெக்கைக் கிருமியின் நெருங்கிய பங்காளிதான் ஆட்டுக்கொல்லிக் கிருமி. அதனையும் 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் குறி வைத்துள்ளன.

வீட்டில் பத்து நாட்டுக்கோழி வைத்திருப்போர் பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடக் கூடாது. கோடையில் கழிச்சல் வந்தால் ஊர்க்கோழி ஒன்றும் மிஞ்சாது. முகாமுக்குப் பத்து நாள் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட வேண்டும். எட்டு வாரம் நிரம்பிய கோழிகளை முதல்நாள் இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம். கழியும் கோழிக்கு ஊசி வேண்டாம். அதைத் தனியே பிரித்துவிட்டு மருத்துவரிடம் காட்டலாம்.