கம்பளிப் பூச்சியின் கம்பளி

உங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறதா? அப்படியானால், மழைக் காலத்தில் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும் விருந்தாளிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளையாடுகிற குழந்தை அங்கே போய்ச் சாய்ந்துவிட்டால் போதும், "அம்மா, அரிக்கிறதே!" என்று ஊரைக் கூட்டிவிடும்.

அந்தச் சமயத்தில் நாம் என்ன செய்கிறோம்? பதறிப் போய், அரிக்கிற இடத்தைப் பரபரவென்று தேய்க்கிறோம். செய்யக் கூடாத காரியம் அதுதான். கம்பளிப் பூச்சி நம்மைக் கடிப்பதில்லை. அதன் மேல் இருக்கும் ரோமங்கள்தான் ஆயுதம். தொட்ட மாத்திரத்தில் அவை ஒடிந்து சருமத்தில் தைத்துக்கொள்கின்றன. சில இனங்களில் ரோமத்துக்குள்ளே விஷ நீரும் உண்டு. தேய்க்கத் தேய்க்க முனைகள் இன்னும் ஆழமாக இறங்கும். தேய்த்த கையில் ஒட்டிக்கொண்டு முகத்துக்கும் போகும்.

ஆகவே, குழந்தையின் சட்டையை முதலில் மெதுவாகக் கழற்றி, தனியே துவைக்கப் போடுங்கள். ஒட்டுகிற டேப்பையோ பிளாஸ்திரியையோ பட்ட இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள். ரோமங்கள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்க விடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

பாவம், அந்தப் புழுவைச் சொல்லியும் குற்றமில்லை! மெத்தென்ற உடம்பு, ஓடவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. இந்தக் கம்பளி இல்லாவிட்டால் காக்கையும் குருவியும் விட்டு வைக்குமா? ஆனால் குயில் இனத்துப் பறவைகள் சில, கம்பளியோடு சேர்த்தே அதை விழுங்கிவிடுகின்றன!

செடி கொடிகளுக்கும் இந்த வித்தை தெரியும். வெண்டைக்காய் பறிக்கும்போது கையை அரிக்கிறதே, அந்தச் சுணையும் ரோமந்தான். பூனைக்காலிக் காயின் சுணையோ, தொட்டவரைத் துள்ள வைத்துவிடும். எருக்கஞ் செடியின் இளந்தளிரில் வெள்ளையாகப் படிந்திருப்பது சண்டைக்கு வந்ததல்ல. வெயிலில் இலையின் ஈரம் வற்றாமல் காக்கிற போர்வை. அதே எருக்கின் விதைக்குப் பட்டுக் குஞ்சம் சிறகாகிறது. காற்று வந்தால் பறந்து போய்விடும்.

பருத்தி விதையின் ரோமத்தை நாம் சும்மா விடவில்லை. நூலாக்கிப் புடைவையாக உடுத்திவிட்டோம். ஓர் இழைப் பஞ்சு என்பது விதையின் மேல்தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு உயிரணுதான் என்றால் நம்புவீர்களா? நல்ல ரகங்களில் அது 3 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும்.

மறுபடியும் முருங்கைக்கே வருவோம். பூச்சிகளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; ரோமம் காற்றில் பறக்கும். செத்த பூச்சியின் ரோமமும் அரிக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, நீளக் குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். குழந்தைகளை விளையாட அனுப்பும் முன் அடிமரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.