அலமாரியில் இருக்கும் விசிடியைத் தூக்கிப் போடாதீர்கள்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களில் பலர், பெட்டியைப் பிரித்ததும் கேட்கும் கேள்வி "இதில் சிடியை எங்கே போடுவது?" என்பதுதான். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் கிடையாது. கடைக்காரரைக் கேட்டால், "சிடியெல்லாம் இப்போது யார் சார் பார்க்கிறார்கள்? எல்லாம் நெட்டில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பி விடுகிறார். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்லி விடுகிறேன்.

"குங்பூ ஹசில்" படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பெயர் நினைவில் இல்லாவிட்டாலும், "வாயில் சிகரெட்டுடன் ஒரு குண்டு அம்மா கத்தினால் எல்லோரும் பறந்து போய் விழுவார்களே, அந்தப் படம்" என்றால் உடனே தெரிந்துவிடும். ஹாங்காங் நடிகர் ஸ்டீபன் சோ நடித்து இயக்கிய இந்தப் படம் 2004 டிசம்பரில் அங்கே வெளியானது. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகவும் தேர்வு பெற்றது. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்ததோ தமிழ் பேசிக்கொண்டு, இரண்டு விசிடிகளாக. எங்கள் வீட்டில் இருப்பது தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் அப்பா வாங்கியது. நான் அப்போது பள்ளி மாணவன்.

இப்போது பெங்களூருவில் சாப்ட்வேர் வேலை. சென்ற பொங்கலுக்குப் பாலக்கோடு வந்தபோது, அப்பாவின் புது லேப்டாப்பில் யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றை இணைத்து அதே விசிடியை மறுபடி பார்த்தேன்.

இன்றும் சிரிப்பு வருகிறதா?

வருகிறது. பழைய ஷாங்காய் நகரில் "பன்றிக்கொட்டில் சந்து" என்று ஓர் ஏழைக் குடியிருப்பு. அதை மிரட்ட வருகிறது கோடரிக் கும்பல். அங்கே மூட்டை தூக்கும் கூலி, துணி தைக்கும் டெய்லர், நம் ஊர் பரோட்டா மாஸ்டர் மாதிரி மாவு உருட்டிக் கொண்டிருக்கும் கடைக்காரர் என மூன்று பேரும் யாருக்கும் தெரியாமல் பெரிய குங்பூ வித்தகர்களாக இருக்கிறார்கள். அவர்களையும் மிஞ்சியவர்கள் வாடகை வசூலிக்கும் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய கணவரும்.

ஒரு காட்சியில் அந்த அம்மா தண்ணீரை நிறுத்தி விடுவார். தலையில் சோப்பு நுரையுடன் நிற்கும் ஒருவன் வந்து நியாயம் கேட்பான். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்படும் வரை குடத்தோடு வரிசையில் நின்று பழகிய எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. சீனாவில் நடக்கிறது என்பதே மறந்து போகும்.

நடித்தவர்கள் யார் என்று தெரிந்து கொண்டு பார்த்தால் ரசனை இன்னும் கூடும். வீட்டுக்காரராக வரும் யுவென் வா, 1973-ல் வந்த "என்டர் தி டிராகன்" படத்தில் புரூஸ் லீக்கு டூப் போட்டவர். வீட்டுக்கார அம்மாவாக வரும் யுவென் சியூ, 1974-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான "தி மேன் வித் தி கோல்டன் கன்" படத்தில் சண்டை போட்டவர். இருவருமே ஜாக்கி சான் படித்த அதே நாடகப் பள்ளியில் பயின்றவர்கள். டெய்லராக வரும் சியூ சி லிங், நிஜ வாழ்க்கையிலும் ஹங் கார் என்னும் குங்பூ முறையின் ஆசான். சண்டைக் காட்சிகளை அமைத்தவர்களில் ஒருவரான யுவென் வூ-பிங், 1999-ல் வந்த "தி மேட்ரிக்ஸ்" படத்துக்கும் சண்டை அமைத்தவர்.

குறையும் உண்டு. டெய்லரின் நளினமான நடையைக் கேலி செய்யும் இடங்களில் சிறு வயதில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஒருவர் நடக்கும் விதம் எப்படி நகைச்சுவை ஆகும்? ஆனால் சண்டை தொடங்கியதும் கைகளில் இரும்பு வளையங்களுடன் எல்லோரையும் காப்பாற்றுபவர்களில் அவரும் ஒருவர். அந்த இடத்தில் படமே அவர் பக்கம் வந்து விடுகிறது.

நெட்டில் இல்லாதது எது?

இனி கடைக்காரர் சொன்ன பதிலுக்கு வருவோம். இந்தப் படம் அழிந்து விடுமோ என்ற கவலை எனக்கு இல்லை. பெரிய கம்பெனியின் படம். தெளிவான பிரிண்டுகள் உலகெங்கும் பத்திரமாக இருக்கின்றன. என் கவலை தமிழ்க் குரல்கள் பற்றியது.

டப்பிங் என்பது எளிய வேலை அல்ல. சீன மொழியின் சொற்கள் குட்டையானவை, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. உதடு மூடுவதற்குள் வாக்கியத்தை முடிக்க வேண்டும். அவர்கள் ஊர்ச் சிலேடையை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். எனவே எழுதுபவர் அந்த இடத்தில் நம் ஊர் நகைச்சுவை ஒன்றைச் செய்து வைக்க வேண்டும். அந்த அம்மாவின் திட்டுகள் எனக்குத் தெருக்குழாய்ச் சண்டை போலக் கேட்டன என்றால், அது ஸ்டீபன் சோ செய்த வேலை அல்ல. சென்னையில் ஏதோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் எழுத, இன்னொருவர் மூச்சைப் பிடித்துக் கொண்டு பேசிய வேலை. என் விசிடியின் அட்டையில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. பன்றிக்கொட்டில் சந்தில் இருக்கும் கூலியையும் டெய்லரையும் போல இவர்களும் பெயர் தெரியாத வித்தகர்கள்தான்.

ஆன்லைன் சேவைகளில் ஒரு படம் இருக்கிறது என்றால், நாம் கேட்ட தமிழ் ஒலியும் அதில் இருக்கிறது என்று பொருள் அல்ல. ஒரே படத்துக்கு டிவிக்கு ஒரு டப்பிங், டிஸ்க்குக்கு ஒரு டப்பிங் என்று இருப்பதும் உண்டு. உரிம ஒப்பந்தம் முடிந்தால் படமே பட்டியலிலிருந்து போய்விடும். ஆக, நீங்கள் சிறு வயதில் கேட்ட அந்தக் குரல் உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கில் மட்டுமே இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஹாங்காங் படங்களுக்கு மட்டும் அல்ல, அந்தக் காலத்தில் தமிழ் பேசிய எல்லாப் படங்களுக்கும் இது பொருந்தும்.

விசிடி ஏன் காத்திருக்காது?

1993-ல் வரையறுக்கப்பட்ட விசிடி, எம்பெக்-1 என்ற முறையில் படத்தைச் சுருக்கி வைக்கிறது. நம் நாட்டில் புழங்கிய பால் முறை விசிடியில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். இன்றைய ஃபுல் எச்.டி. திரையில் இதைப் போல ஏறத்தாழ 20 மடங்கு புள்ளிகள் உள்ளன. ஒரு டிஸ்க்கில் அடங்குவது சுமார் 74 நிமிடம். அதனால்தான் 99 நிமிடப் படம் இரண்டு டிஸ்க்காக வந்தது.

சாதாரண டேட்டா சிடியில் கீறல் விழுந்தால், விட்டுப் போனதைச் சரி செய்து படிக்கக் கூடுதல் திருத்தத் தகவல் பதிக்கப்பட்டிருக்கும். விசிடியில் அதிக நேரப் படத்தை அடைப்பதற்காக அந்தத் தகவலின் ஒரு பகுதியை விட்டு விட்டார்கள். எனவே கீறலின் பாதிப்பு இதில் அதிகம். இன்னொன்று, சிடியில் பதிவுப் படலம் இருப்பது படம் ஒட்டிய மேல் பக்கத்தை ஒட்டித்தான். பலரும் பளபளப்பான பக்கத்தைப் பாதுகாத்து விட்டு மேல் பக்கத்தைத் தரையில் வைக்கிறார்கள். மேல் பக்கக் கீறல்தான் அதிக ஆபத்து. கம்ப்யூட்டரில் ரைட் செய்த டிஸ்க்குகள், கம்பெனியில் அச்சிட்டவற்றை விட விரைவில் கெடும்.

எப்படிப் பாதுகாப்பது?

1. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தெருவுக்கு ஒருவர் வாங்கிப் பகிர்ந்து கொண்டாலும் போதும்.

2. டிஸ்க்கை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

3. வி.எல்.சி. பிளேயரை அதன் சொந்த இணைய தளத்திலிருந்து டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் 1996-ல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. தனியாக "கோடெக்" எதுவும் தேவையில்லை. தேவை என்று ஏதேனும் தளம் சொன்னால் அங்கிருந்து வெளியேறி விடுங்கள்.

4. பைல் எக்ஸ்புளோரரில் டிஸ்க்கைத் திறந்தால் "எம்பெக்ஏவி" என்ற போல்டர் இருக்கும். அதற்குள் டி.ஏ.டி. என்ற துணைப் பெயருடன் இருக்கும் பெரிய பைல்தான் படம். அதைக் காப்பி செய்து ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்யவும். படத்தின் பெயர், மொழி, டிஸ்க் எண் மூன்றும் தெரியும்படி பைலுக்குப் பெயர் கொடுங்கள்.

5. காப்பி பாதியில் நின்றால் மறுபடி துடைத்து, வேறு டிரைவில் முயன்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், கெட்ட டிஸ்க்குகளைப் படிப்பதற்கென்றே உள்ள ஐசோபஸ்டர் போன்ற புரோகிராம்கள் படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மீதியை எடுத்துத் தரும்.

6. எடுத்த பைலை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். பிறகு பென் டிரைவில் இன்னொரு நகல் வையுங்கள். இரண்டு டிஸ்க் படம் ஏறக்குறைய 1.4 ஜிபி. 64 ஜிபி பென் டிரைவில் நாற்பது படம் அடங்கும்.

7. அட்டையின் இரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்து அதே போல்டரில் போடுங்கள். டப்பிங் செய்தவர் பெயர் எங்காவது இருக்கிறது என்றால் அது அங்கேதான்.

பார்க்கும்போது முழுத் திரைக்குப் போக வேண்டாம். வி.எல்.சி.யின் வீடியோ மெனுவில் ஜூம் பிரிவுக்குச் சென்று இரு மடங்கு அளவைத் தேர்ந்தெடுத்தால் கண்ணை உறுத்தாது. படம் அமுங்கித் தெரிந்தால் ஏ கீயை அழுத்தி அளவை மாற்றலாம். பேச்சு உதட்டோடு ஒட்டவில்லை என்றால் ஜே, கே கீகளால் ஒலியை முன் பின் நகர்த்தலாம்.

"டிவிடி படத்தோடு விசிடி ஒலியை ஒட்டி விடலாமே" என்று சிலர் கேட்கலாம். சினிமா நொடிக்கு 24 பிரேம், பால் விசிடி 25. பெரும்பாலும் படத்தைச் சற்றே வேகமாக ஓட்டித்தான் இதைச் சமாளித்தார்கள். அப்படிச் செய்தால் 99 நிமிடப் படம் 95 நிமிடத்தில் முடிந்து விடும். குரலும் கொஞ்சம் மெலியும். எனவே ஒட்டுவது பொறுமை தேவைப்படும் வேலை. முதலில் காப்பி எடுத்து வையுங்கள், ஒட்டுவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்வது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்குக்கு மட்டுமே. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. காப்பியை நெட்டில் ஏற்றுவதும், பிரதி எடுத்து விற்பதும் அதில் அடங்காது. அதேபோல் படத்தின் பெயரைப் போட்டுத் தேடி, "தமிழ் டப்பிங் இலவசம்" என்று அழைக்கும் தளங்களுக்குப் போகாதீர்கள். அங்கே ஒளிரும் டவுண்லோட் பட்டன்களில் பல, புதுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் கொண்டு வருபவை.

படம் கம்பெனியின் சொத்து. அதை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள். அதற்கு நம் ஊர் ஆட்கள் தந்த குரலைக் காப்பாற்ற இதுவரை எந்தக் கம்பெனியும் என் கண்ணில் படவில்லை. வீட்டில் ஒரு டிரைவும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் அதை நாமே செய்து விடலாம். முதலில் எடுக்க வேண்டிய டிஸ்க் எது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.