நம்பர் 3 யாருக்கு?

கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள். அது திரையில் வந்து உட்காருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க அவசியமும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிற வரைக்கும்.

நடந்தது இதுதான். பிராஸஸர் என்கிற ஆசாமி உள்ளே வேறு வேலையில் மும்முரமாக இருக்கிறார். கீபோர்டு போய் காலிங் பெல்லை அழுத்துகிறது. ஆசாமி கையில் இருப்பதைக் கீழே வைத்து, எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்துக்கொண்டு, எழுந்து வந்து எழுத்தை வாங்கிக்கொண்டு, திரும்பப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பெல் மட்டும் இல்லாவிட்டால், பந்தியில் சாம்பார் வாளியோடு சுற்றுகிறவர் மாதிரி ஒவ்வொருத்தரிடமும் 'உங்களுக்கு? உங்களுக்கு?' என்று கேட்டுக்கொண்டே அலையவேண்டியதுதான்.

சரி, வாசலில் எத்தனை பெல்? 1981-ல் ஐ.பி.எம். முதல் பி.சி.யைக் கொண்டுவந்தபோது 8. இதைக் கவனித்துக்கொள்ள இன்டெல்லின் 8259 என்று ஒரு சிப். போதவில்லை. 1984-ல் பி.சி. ஏ.டி. மாடலில் இன்னொரு 8259-ஐச் சேர்த்தார்கள். எட்டும் எட்டும் பதினாறு என்பீர்கள். இல்லை, 15. இரண்டாவது சிப்பை முதலாவதோடு இணைப்பதற்கே ஒரு கம்பி செலவாகிவிட்டது. அந்தக் கால மணியார்டர் கமிஷன் மாதிரி.

இந்த 15-லும் பாதிக்கு மேல் பட்டா போட்டாயிற்று. 0 டைமருக்கு. 1 கீபோர்டுக்கு. 6 ப்ளாப்பிக்கு. 8 கடிகாரத்துக்கு. 12 மவுஸுக்கு. 13 கணக்குப் போடுகிற கோ-பிராஸஸருக்கு. 14, 15 ஹார்டு டிஸ்க், சி.டி. வகையறாவுக்கு. மிச்சம் 3, 4, 5, 7, 9, 10, 11. ஏழே ஏழு. பிரிண்டர், சவுண்டு, மோடம், நெட்வொர்க் என்று பின்னால் வந்த அத்தனை பேரும் இந்த ஏழுக்கு அடித்துக்கொண்டார்கள்.

'ஒரு பெல்லை ரெண்டு பேர் வெச்சுக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய ஐ.எஸ்.ஏ. வகைச் சாதனங்களில் பெல் அழுத்தும் அந்தக் கணத்தில் மட்டும் 'டிங்' என்று ஒரு தடவை அடிக்கும். முதல் ஆள் அழுத்திய விரலை எடுக்காமல் நிற்கும்போது இரண்டாவது ஆள் வந்து அழுத்தினால் சத்தமே வராது. அவர் வாசலிலேயே நிற்பார். கம்ப்யூட்டர் உறைந்துபோகும். பின்னால் வந்த பி.சி.ஐ. வகையில் கெட்டிக்காரத்தனமாக மாற்றினார்கள். காரியம் முடியும் வரை பெல் விடாமல் அலறும். ஒருத்தரை அனுப்பிய பிறகும் அலறினால், இன்னொருத்தர் நிற்கிறார் என்று அர்த்தம். இதில் நாலு பேர் ஒரே பெல்லில் பேஷாகக் குடித்தனம் நடத்தலாம்.

இதெல்லாம் எதற்கு இப்போது? எனக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு தமிழ் வாத்தியாரிடம் 1997 மாடல் லேப்டாப் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 95. சுற்று வட்டார கிராமங்களில் வயதான பெண்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளையெல்லாம் நாலு வருஷம் அலைந்து கேட்டு, அதில் அடித்து வைத்திருக்கிறார். இருநூறு ஃபைலுக்கு மேல். எழுதி வைத்த நோட்டுகளைக் கரையான் பார்த்துக்கொண்டது. "பாடினவங்க ஒருத்தரும் இப்ப இல்லே தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் ஓடுகிறது. ஆனால் எதையும் வெளியே எடுக்க வழியில்லை. ப்ளாப்பி டிரைவ் எப்போதோ உயிரை விட்டாயிற்று. பென் டிரைவ் என்றால் என்னவென்று விண்டோஸ் 95-க்குத் தெரியாது. சீட்டுக்கட்டு சைஸில் ஒரு நெட்வொர்க் கார்டு உண்டு. பக்கவாட்டில் செருகுவது. ஒரு காலத்தில் வேலை செய்தது. இப்போது செருகினால் மஞ்சள் ஆச்சரியக்குறி. ரிப்பேர் கடையில் "போர்டு போயிடுச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார்களாம்.

'ஹார்டு டிஸ்கைக் கழற்றி அடாப்டரில் மாட்டலாமே' என்று வாசகர் ஒருவர் கை தூக்குவது தெரிகிறது. மாட்டலாம். அந்த 44 பின் டிஸ்குக்கு யு.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் கால் நூற்றாண்டு தாண்டிய பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி உடையும். வாத்தியார் வேறு என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கடைசி வைத்தியமாக இருக்கட்டும்.

ஸ்விட்ச் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது தேதி. 1980 என்றது. துப்பு அங்கேதான். லேப்டாப்புக்குள் ஒரு சின்ன பாட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் 'பயாஸ்' செட்டிங்குகளையும் ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் வேலை. அது செத்தால் மெஷின், ஃபாக்டரியில் பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அந்தப் புத்திக்குத் திரும்பிவிடும்.

மை கம்ப்யூட்டர் மேல் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிவைஸ் மேனேஜர். அதில் மேலே 'கம்ப்யூட்டர்' என்று இருப்பதை டபுள் க்ளிக் செய்தால் வாசல் பெல் ஜாபிதா முழுதும் வரும். 4 ஸீரியல் போர்ட். 5 சவுண்டு. 7 பிரிண்டர். 9 யு.எஸ்.பி. 10 மோடம். 11 கார்டு செருகும் சாக்கெட் (சாக்கெட்டுக்கு ஒரு பெல், அதில் செருகும் கார்டுக்கு இன்னொன்று, அநியாயம்தான்). 3-ல் இருந்தவர் இன்ஃப்ராரெட்! ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கண்ணாடித் துண்டு இருக்குமே, அது. இரண்டு லேப்டாப்களை எதிரும் புதிருமாக வைத்து ஒளியில் ஃபைல் அனுப்புவதற்காக வைத்தது. வாத்தியார் ஒருநாளும் தொட்டதில்லை. யாரோ புண்ணியவான் முன்பு அதை அணைத்து வைத்திருக்கிறார். பாட்டரி செத்ததும் அது மறுபடி எழுந்து 3-ல் உட்கார்ந்துவிட்டது. நெட்வொர்க் கார்டு தெருவில்.

ரீஸ்டார்ட் செய்து எஃப்2 (சில மெஷின்களில் எஃப்1, எஃப்10 அல்லது டெலீட்). பயாஸில் இன்ஃப்ராரெட் போர்ட்டை 'டிஸேபிள்' செய்து சேமித்தாயிற்று. கார்டைச் செருகினால் இரண்டு பீப். மஞ்சள் குறியைக் காணோம். நம்பர் 3 கார்டுக்கு. விண்டோஸ் 95-ல் எஃப்.டி.பி. என்று ஒரு சின்ன புரோக்ராம் உண்டு. அதன் வழியாக, பக்கத்திலிருந்த புது லேப்டாப்புக்கு எல்லா ஃபைலும் போய்ச் சேர்ந்தன. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாத்தியார் ஒரு தாலாட்டைத் திறக்கச் சொன்னார். பழைய தமிழ் ஃபான்ட். திரையில் புழு பூச்சியாகத் தெரிந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியது தனிக் கதை, இன்னொரு வாரம் பார்க்கலாம்.

நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம். பாட்டரி செத்த மெஷினில் பயாஸை மாற்றிவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினால் பழையபடி மறந்துபோகும். ஒரே உட்காரலில் வேலையை முடியுங்கள். இரண்டாவது, டிவைஸ் மேனேஜரில் நம்பரை நீங்களாக மாற்றி அடைக்காதீர்கள். அதன் பிறகு அந்தச் சாதனத்தை விண்டோஸ் தானாக இடம் மாற்றாது. முடிச்சு மேல் முடிச்சு விழும். முதலில் வேண்டாதவரை வெளியேற்றுங்கள், பிரிண்டர் போர்ட் அடுத்த பலியாடு.

எக்ஸ்.பி. காலத்து லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஜாபிதாவில் அத்தனை பேரும் 9 அல்லது 11-ல் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை பி.சி.ஐ. ஆசாமிகள், கூட்டுக் குடித்தனம் கோளாறில்லை. இன்றைய மெஷின்களில் பெல்லுக்கு வேலை குறைவு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் வாசலுக்கு வராமல் சீட்டு எழுதிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு சாதனத்துக்கு 2048 சீட்டு வரை அனுமதி.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களுக்கு மட்டும் சில சமயம் 'ஐ.ஆர்.க்யூ. 11: யாரும் கண்டுக்கலே' என்கிற அர்த்தத்தில் ஒரு செய்தி வரும். நிஜமாகவே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான்தான் அடித்தேன் என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு லட்சம் தடவையில் 99,900-க்கு மேல் இப்படி ஆனால் லினக்ஸ் அந்தக் கம்பியையே வெட்டிவிடும். 11-ல் இருந்த அப்பாவிகளும் சேர்ந்து படுத்துவிடுவார்கள். ஒவ்வொருவராக நிறுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயர்லெஸ் கார்டிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் கழற்றச் சுலபம்.