ஆனை வாங்கியாச்சு, அங்குசம் எங்கே?

மெட்ரோ ரெயிலைப் பிடிக்க சென்னீர்குப்பம்வாசி எதில் போவது?

சென்னீர்குப்பம்,

பூந்தமல்லியில் மெட்ரோ ரெயிலுக்குத் தூண் எழும்பியது. தண்டவாளமும் போட்டார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி பூந்தமல்லியில் இருந்து முல்லைத்தோட்டம் வரை ரெயிலை ஓட்டியும் பார்த்தார்கள். டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரெயில்!

பூந்தமல்லியை ஒட்டிய ஊர் சென்னீர்குப்பம். ஆனால் இங்கு இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ரெயில் வந்தது சரி, வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு எதில் போவது?

சின்னக் கேள்விதான். ஆனால் கோடிக்கணக்கில் கொட்டிய பணம் பலன் தருமா, தராதா என்பது இதில்தான் இருக்கிறது.

எத்தனை கோடி?

மெட்ரோ 2-ம் கட்டத்தின் மொத்த நீளம் 118.9 கிலோ மீட்டர். செலவு 63 ஆயிரத்து 246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரை உள்ள 26 கிலோ மீட்டர் பாதை இதில் ஒரு பகுதி.

வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ மீட்டருக்கு சராசரி 530 கோடிக்கு மேல் ஆகிறது. பஸ் ஒன்று 1 கோடி என்றே வைத்தாலும், அந்த ஒரு கிலோ மீட்டர் காசில் 500 பஸ் வாங்கலாம்!

அதற்காக மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போரூர் நெரிசலில் மாட்டிக்கொண்டவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ரெயில் தெருவுக்குள் வராது. பஸ்தான் வரும்.

வேலை எங்கே, ரெயில் எங்கே?

இன்னொரு சங்கதியும் உண்டு. ரெயில் பாதை பட்டணத்தைப் பார்த்துப் போகிறது. இந்தப் பக்கத்து ஜனங்களில் பலருக்கு வேலை அந்தத் திசையில் இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கி தொழிற்சாலை, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று குறுக்கும் நெடுக்குமாகப் போகிறவர்கள் இவர்கள். மின்சார ரெயில் பிடிக்க வேண்டும் என்றாலும் ஆவடிக்குத்தான் போக வேண்டும். அவர்களுக்கு உயிர்நாடி பூந்தமல்லி-ஆவடி ரோடு. அங்கே பஸ்சை விட்டால் ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் சொந்த வண்டி.

கோயம்பேட்டில் இருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக பட்டாபிராமுக்கு 21.76 கிலோ மீட்டர் மெட்ரோ போட திட்ட அறிக்கை தயாரித்து இருக்கிறார்கள். அது வந்தாலும் ஆவடியையும் பூந்தமல்லியையும் இணைக்காது. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு அப்போதும் பஸ்தான் கதி.

இலவசம் யாருக்கு?

2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வீட்டு வேலைக்கும், கம்பெனிக்கும் போகும் பெண்களுக்கு மாதம் நூற்றுக்கணக்கில் மிச்சம்.

ஆனால் பஸ் வந்தால்தானே இலவசம்? நேரத்துக்கு வராவிட்டால் அந்த அம்மாள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு எடுத்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சர்க்கார் கொடுத்த சலுகை ரோட்டோரத்திலேயே கரைந்துபோகிறது.

பஸ் ஏன் போதவில்லை?

லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால் நல்ல சேவை என்பது மத்திய அரசின் அளவுகோல். சென்னையும் புறநகரும் சேர்ந்து 2011 கணக்கெடுப்பிலேயே 86 லட்சம் பேர். அந்தப் பழைய கணக்குக்கே 5 ஆயிரம் பஸ்சுக்கு மேல் வேண்டும். மாநகர பஸ் கழகம் பல வருடமாக மூவாயிரத்துச் சொச்சத்தில்தான் காலம் தள்ளி வந்தது.

2018 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தபோது சாதாரண பஸ்சில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய் ஆனது. டிக்கெட் விலையை ஏற்றினால் ஏழை வயிற்றில் அடி. ஏற்றாவிட்டால் கழகத்துக்கு நஷ்டம். நஷ்டம் வரும்போது முதலில் கை வைப்பது வசூல் குறைந்த சின்ன ரூட்டில்தான். புறநகர் அடிபடுவது இப்படித்தான்.

வழி இல்லையா?

இருக்கிறது. 2013-ல் இதே கழகம் 50 சிற்றுந்துகளை விட்டது. பெரிய பஸ் நுழையாத தெருவில் இருந்து ஜனங்களை ஏற்றி வந்து ரெயில் நிலையத்திலும் மெயின் ரோட்டிலும் விடுவதுதான் யோசனை. இன்றைக்கும் அது நல்ல யோசனைதான்.

இப்போது 625 எலக்ட்ரிக் பஸ்களுக்கு ஏற்பாடு. முதல் 120 பஸ்கள் 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடியில் இருந்து கிளம்பின. பூந்தமல்லி டெப்போவும் அந்தப் பட்டியலில் உண்டு. பஸ்சை தனியார் ஓட்டினாலும், கிலோ மீட்டர் கணக்கில் பணம் கொடுப்பது கழகம். எந்த ரூட்டில் ஓட வேண்டும் என்று சொல்வதும் கழகம்தான். ஆவடி ரோட்டுக்கு இத்தனை என்று ஒதுக்குவதில் என்ன கஷ்டம்?

பஸ், ரெயில் எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவர 2010-லேயே சட்டம் போட்டார்கள். அந்தக் குழுமம் முதல் கூட்டம் கூடியது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருடம்! 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்.

டிக்கெட்டை ஒன்றாக்கியவர்கள் நேரத்தையும் ஒன்றாக்க வேண்டும். ரெயிலை விட்டு இறங்கினால் கீழே பஸ் நிற்க வேண்டும். கடைசி ரெயிலுக்கும் ஒரு பஸ் காத்திருக்க வேண்டும். இருட்டில் பைபாசைக் கடந்து நடக்க விடக்கூடாது.

63 ஆயிரம் கோடிக்கு ஆனை வாங்கியாகிவிட்டது. அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?